வாடிய வரிசை முதலில்

நாத்தனார் கூப்பிட்டுக் கூப்பிட்டு, உரக்கடைக்காரர் முதல் சரக்கு வண்டி ஓட்டுபவர் வரை எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கட்டிய கணவன் ஒருவன்தான் பாக்கி. அவன் மட்டும் "இந்தாம்மா" என்பான்.

வீட்டுக்குப் பின்னால் நீளமான பசுமைக்குடில். உள்ளே பைகளில் நட்ட தக்காளி, கயிற்றைப் பிடித்து ஆள் உயரத்துக்கு மேல் ஏறியிருந்தது. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் சோறு. வளர்ப்பது அண்ணி, விற்பது நாத்தனார். நாத்தனாரைச் செடிப்பக்கம் விட்டால் பூவைக் கிள்ளிப் போட்டுவிட்டு, வேண்டாத பக்கக்கிளையைத் தடவிக் கொடுத்துவிட்டு வருவாள் என்பது அண்ணியின் தீர்ப்பு. அதில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

சில நாட்களாகப் பின்பக்கத்தில் செடிகள் மதிய வெயிலில் தலை தொங்கின. இலை மஞ்சளாகவில்லை, புள்ளி விழவில்லை. பச்சையாகவே வாடின. சாயங்காலம் நிமிர்ந்தன, மறுநாள் மறுபடி தொங்கின, அப்புறம் நிமிரவே இல்லை. அண்ணி தண்ணீரைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள், நாத்தனாரைத் திட்டியும் பார்த்தாள். எதற்கும் கேட்கவில்லை.

பயிர் மருத்துவர் வந்தார். வாடிய தண்டு ஒன்றை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீருக்குள் பிடித்தார். வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு மெல்லிய இழை இறங்கிக் கரைந்தது.

"பாக்டீரியா வாடல். இதுக்கு மருந்து இல்லம்மா. வந்ததைப் பையோட எடுத்து எரிச்சாத்தான் மத்தது பிழைக்கும். ஆனா தனித்தனிப் பையில இருக்கறப்போ, வரிசை விட்டு வரிசை எப்படித் தாவுச்சு? கத்தி வச்சு பக்கக்கிளை எடுக்கறது யாரு?"

"நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன்."

"எந்த வரிசையில ஆரம்பிப்பீங்க?"

"வாடின வரிசையிலதான். நோஞ்சான் பிள்ளைக்குத்தானே முதல்ல ஊட்டணும்? அதை முடிச்சுட்டுத்தான் நல்லா இருக்கறதுக்கிட்ட போவேன்." பெருமையாகத்தான் சொன்னாள்.

மருத்துவர் அவள் இடுப்பில் செருகியிருந்த கத்தியைப் பார்த்தார். அண்ணியும் குனிந்து பார்த்தாள். வேலியே பயிரை மேய்ந்த கதை. ஈ எறும்பு அண்டவிடாமல் காத்த அதே கை, நோயைச் செடிசெடியாக ஊட்டிக்கொண்டு போயிருக்கிறது. ஆனால் உட்கார்ந்து அழ ஏது நேரம்? வாசல் பக்கத்துப் பாதி இன்னும் பசேலென்று நின்றது. அதுவும் போனால் குடிலை மூடிவிட்டுக் கூலி வேலைக்குப் போக வேண்டியதுதான்.

மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். நோய்ப்பக்கம் போகிறவர் நல்லபக்கம் போகவே கூடாது. ஒவ்வொரு செடிக்கும் கத்தியை ப்ளீச்சிங் தண்ணீரில் முக்க வேண்டும்.

கணவன் நடுவில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் திரை கட்டினான். பின்பாதிக்குத் தனி வழி வைத்தான்.

"அண்ணி, பிடுங்கறதை நான் பார்த்துக்கறேன். நீங்க நல்லபக்கம் போங்க," என்றாள் நாத்தனார். "பிடுங்கறதுக்குப் பெரிய படிப்பா வேணும்?"

"எதைப் பிடுங்கணும்னு உனக்குத் தெரியுமா? இன்னிக்கு நிமிர்ந்து நிக்கறது நாளைக்குப் படுத்துடும். அதை முன்னாடியே கண்டுபிடிக்க என் கண்ணு வேணும். கிள்ளுறதைக் கத்துக்கலாம். கத்துக்கோ."

"உங்களுக்கு மனசு வருமா?"

"மனசை யாரு கேட்டா?"

மறுநாளே பிடுங்கத் தொடங்கினாள். பெயர் வைக்காத குறையாக வளர்த்த செடிகளைச் சாக்கில் திணித்துக் கட்டினாள். ஒவ்வொரு முடிச்சிலும் தன்னையே வைதாள், ஆனால் கை நிற்கவில்லை.

திரைக்கு அந்தப்பக்கம் நாத்தனார் கயிற்றில் தண்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள். பூட்டுச் சாவியைத் திருகுவதுபோலத் திருகினாள். தண்டு வளைந்து மடங்கப் பார்த்தது. அண்ணிக்குப் பொறுக்கவில்லை. கை தானாகத் திரையின் ஓரத்தைப் பிடித்துவிட்டது.

"அண்ணி, கையை எடுங்க."

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலில் நாத்தனார் அவளிடம் பேசியதில்லை.

"ஒடியப்போகுது."

"ஒடியட்டும். ஒரு செடிதானே போகும். நீங்க வந்தா பாதியும் போயிடும்."

சொல்லி வாய் மூடுமுன் தண்டு ஒடிந்தது. நாத்தனார் கத்தியை முக்கி எடுத்து, ஒடிந்ததை அறுத்துவிட்டு, அடுத்த செடிக்குப் போனாள். அண்ணி கையை எடுத்துக்கொண்டாள். கோபம் வந்தது, அவமானமாகவும் இருந்தது, சொன்னது நியாயம் என்பதுதான் அதிகம் சுட்டது. நோய்க் கையால் கண்ணைத் துடைக்க மனமில்லாமல் தோளில் துடைத்துக்கொண்டு, அடுத்த பையைத் தூக்கினாள்.

பின்பாதி மொத்தமும் காலியானது. முன்பாதி நின்றது.

பழம் பறித்த அன்று நாத்தனார் கூடையோடு குடில் வாசலுக்கு வந்தாள். அண்ணி ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"சிறுசா இருக்கே."

"நான் வளர்த்தா அப்படித்தான் இருக்கும். உள்ள வந்து பாருங்க அண்ணி, இப்பவாச்சும்."

அண்ணி எட்டி உள்ளே பார்த்தாள். கோணல்மாணலாகக் கட்டிய வரிசைகள் எல்லாம் காயோடு நின்றன. கண் நிறைந்துவிட்டது.

"கடைசிப் பழமும் இறங்கட்டும், வரேன்," என்று சொல்லிவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றாள்.