எல்லைக் கல்லை நகர்த்தியது யார்?

நகரத்துச் சந்தையில் வெண்ணெயை விற்றுவிட்டுத் திரும்பிய ஹால்கிரிம், வீட்டுக்குள் நுழைவதற்கு முன் புல்வெளியைப் பார்க்கப் போனான். பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பதற்கு முன் எல்லையைப் பார்த்தால்தான் அவனுக்கு நிம்மதி. எல்லைக் கல் அவன் பக்கமாக நகர்ந்து வந்திருந்தது. குளிர்காலம் முழுக்க ஒரு பசுவுக்குப் போடும் புல் விளைகிற இடம் போயே போய்விட்டது.

நாலு ஆள் சேர்ந்தாலும் மூச்சு வாங்க வைக்கிற கல் அது. இழுத்த தடம் இல்லை, கடப்பாரை பட்ட காயமும் இல்லை. யாரோ அப்படியே தூக்கிக்கொண்டு போய் வைத்திருக்கிறான். இந்தப் பள்ளத்தாக்கில் அப்படித் தூக்கக்கூடியவன் ஒருத்தன்தான், பக்கத்துப் பண்ணை ஸ்வைன். நிலமும் அவன் பக்கம்தான் வளர்ந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

மனைவி குன்வோர் கஞ்சியும் புளித்த பாலும் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் இல்லாதப்ப ஸ்வைன் இந்தப் பக்கம் வந்தானா?"

"அவன் எதுக்கு வர்றான்? சாப்பிடுங்க."

"எல்லைக் கல்லு நகந்திருக்கு."

"நகந்தா நகந்துட்டுப் போகுது. இருக்கற புல்லு போதாதா நமக்கு?"

அடுத்த வீட்டு ஆடு ஒரு வாய் புல்லைக் கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவள் பேசுகிற பேச்சா இது? போன வருடம் அவன் ஊரில் இல்லாதபோது சேற்றில் புதைந்த பசுவை யாரோ வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்டதற்கு, "எப்படியோ ஏறிடுச்சு" என்றாள். அப்போது விட்டுவிட்டான். இப்போது ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் ஸ்வைனின் அகன்ற முதுகு தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஸ்வைனின் கல்யாண அறிவிப்பை வாசித்தார்கள். ஆராதனை முடிந்ததும் ஆண்கள் வழக்கம்போல மதில் ஓரத்துத் தூக்குக்கல்லைச் சுற்றிக் கூடினார்கள். அதை மார்புவரை தூக்குகிறவனுக்குத்தான் அங்கே மரியாதை. ஹால்கிரிம் கல்லின் மேல் காலை வைத்தான்.

"டேய் ஸ்வைன்! எங்க, இதைத் தூக்கு பாப்போம். தூக்கினா என் எல்லைக் கல்லை நகத்தினவன் நீதான்."

எல்லைக் கல்லை நகர்த்துவது திருட்டைவிடக் கேவலம். நகர்த்தியவன் செத்த பிறகும் அந்தக் கல்லைச் சுமந்துகொண்டு, எங்கே வைப்பது என்று ஓலமிட்டபடி அலைவான். இது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"நான் தொடவே இல்லண்ணே. நெசமான எல்லை எதுன்னு காட்ட அடியில சாட்சிக் கல்லு பொதைச்சிருப்பாங்களே, தோண்டிப் பாருங்க."

"பெருசைத் தூக்கினவனுக்குச் சின்னதை எடுத்துப் பொதைக்கத் தெரியாதா?"

ஸ்வைனுக்குக் கையில் இருந்ததில் கால்வாசி மண்டையில் இருந்திருக்கலாம். தூக்காமல் இருந்தால் தப்பித்துவிடலாம் என்று நினைத்துவிட்டான். குனிந்தான், முக்கினான், முகம் சிவக்க முனகினான். கல் கணுக்காலைத் தாண்டவில்லை. கோடைத் திருவிழாவில்தான் அதே கல்லைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நின்றான், ஊரே பார்த்தது.

"நடிக்கிறான்டா! கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!" என்று ஆலைக்காரன் கத்தினான்.

கல்யாணப் பெண்ணின் அப்பா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். அத்தனை பெரிய உடம்புக்காரன் எல்லோர் முன்னாலும் அழுதான். ஹால்கிரிமுக்கு வயிறு குளிர்ந்தது.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து குன்வோர் வந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் புருஷன் கையில் திணித்தாள். சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். தூக்குக்கல்லை எடுத்து, மார்பைத் தாண்டித் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"கல்லை நகத்தினது நான்," என்றாள். "சேத்துல இருந்து பசுவை இழுத்ததும் நான்தான். என் பலம் இவரோட அப்பா, எங்க மாமாவுக்கு மட்டும் தெரியும். அவர் சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. ஆத்துல வெட்டு மரத்தை மிதக்க விட வந்த வெளியூர் ஆளுங்களை வெச்சு, அந்தக் கல்லை ஸ்வைன் வீட்டு நெலத்துக்குள்ள தள்ளி வெச்சாராம். 'என்னால சுமந்துகிட்டு அலைய முடியாதும்மா, திருப்பி வெச்சுடு'ன்னாரு. இவரு சந்தைக்குப் போனப்ப வெச்சுட்டேன். சந்தேகம்னா தோண்டுங்க."

எல்லோரும் போய் எல்லைக் கல்லின் அடியில் தோண்டினார்கள். ஒரே பலகைக் கல்லை இரண்டாக உடைத்துப் புதைத்திருந்தார்கள் அந்தக் காலத்து ஆட்கள். சாட்சிக் கற்களைச் சுற்றிப் பழைய வேர்கள் பின்னிக் கிடந்தன. சமீபத்தில் யாரும் கை வைத்த மண் இல்லை. வேரை அறுத்து எடுத்துப் பொருத்தியபோது விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்து ஸ்வைனின் தோளைத் தட்டினார்.

குன்வோரை யாரும் தட்டவில்லை.

"பொம்பளைக்கு ஏதுடா இவ்வளவு பலம்? மலைக்குள்ள ஒளிஞ்சு வாழற மாயக்காரங்களோட மாட்டுப் பாலைக் குடிச்சிருக்கா," என்றான் ஆலைக்காரன். பெண்கள் பிள்ளைகளைத் தங்கள் பாவாடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். இதற்குப் பயந்துதான் இத்தனை வருடமும் அவள் பாதிச் சுமையோடு பெருமூச்சு விட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். பாவம்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹால்கிரிமுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது.

"அப்பா சொன்னதை என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

குன்வோர் நின்றாள். "சொல்லியிருந்தா, நகத்த விட்டிருப்பீங்களா?"

விட்டிருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அப்பா கல்லைச் சுமந்துகொண்டு அலைவதை நினைத்தான். ஒரு பசுவுக்கான புல்லையும் நினைத்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாட்டேன்," என்றான்.

"மாமாவும் அதையேதான் சொன்னாரு," என்றாள் குன்வோர். "'என் மவன்கிட்ட மட்டும் சொல்லிடாதேம்மா'ன்னாரு."