மூன்று கை தண்ணீர்

மாலதி வந்து கூப்பிட்டபோது அம்சம் சுகாதார நிலையத்து மேசையில் தடுப்பூசி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வட்டாரத்துக்கே அவள்தான் நர்ஸ். மாலதி, பெரிய வீட்டுத் துரைராசுவின் மருமகள்.

"மாமாவுக்கு ஒரு வருசமா சோறு எறங்கல, நர்ஸம்மா. டாக்டருங்க ஒண்ணுமில்லங்குறாங்க. பாபநாசத்துல உங்க கையால மூணு கை தண்ணி தலையில ஊத்தினா சரியாகும்னு ஜோசியர் சொல்லிட்டாரு."

"நம்ம தஞ்சாவூர்ப் பாபநாசமா?"

"இல்லிங்க, திருநெல்வேலிப் பக்கம் இருக்கே, அது. உங்க குடும்பத்தோட ஏதோ பழைய மனஸ்தாபமாமே?"

மனஸ்தாபம். அம்சத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாலதியின் முகத்தில் கள்ளம் இல்லை. அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை என்பது தெரிந்தது.

"வர்றேன்" என்றாள்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் துரைராசுவின் பம்புசெட்டிலிருந்து மோட்டார் காணாமல் போனது. அவர் வயலில் வேலை பார்த்துவந்த காத்தான்தான் எடுத்தான் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார் துரைராசு. காத்தான் அம்சத்தின் அண்ணன். மூன்று நாள் கழித்து அவனைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அதன் பிறகு சேற்றில் இறங்கி அவனால் நாற்று முடிச்சு வீச முடியவில்லை. திருடன் என்று ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவும் இல்லை. உள்காயம் முற்றி, அடுத்த அறுவடைக்குள் போய்விட்டான். மோட்டாரை விற்றது துரைராசுவின் மகன் ராம்கி. வாங்கிய மெக்கானிக்கின் மனைவி, மகள் பிரசவத்துக்கு வந்த இடத்தில் அம்சத்திடம் அழுதுகொண்டே சொன்னாள். அதைக் கேட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. வெளியே சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவள் சும்மா இருந்தாள். ஆனால் ஒரு நாளும் மறக்கவில்லை.

வேனில் துரைராசு முன்னால் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருந்த ராம்கியும் மாலதியும் நடுவில். அம்சம் கடைசி சீட்டில் தனியாக. மதுரையில் சாப்பிட நிறுத்தியபோது, "வாங்க, உக்காருங்க" என்று அவளுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினார் துரைராசு. அந்த வாயிலிருந்து அவளுக்கு 'வாங்க' வருவது அதுதான் முதல் தடவை. அவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

பாபநாசத்தில் கோயிலுக்கு எதிரே படித்துறை. மலை பக்கத்திலேயே நின்றது. பொரி வாங்கிப் போட்டவர்களின் காலடியில் மீன்கள் முட்டிமோதின. பரிகாரம் முடித்தவர்கள் கழற்றிவிட்ட வேட்டியும் சேலையும் கரையோரம் நைந்து கிடந்தன. துரைராசு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கைகூப்பினார். விலா எலும்பை எண்ணலாம் போலிருந்தது.

அம்சம் முழங்காலளவில் நின்றுகொண்டாள்.

"எதுக்கு ஊத்தணும்னு சொல்லுங்க."

"உனக்குத் தெரியாததாம்மா?"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும். சத்தமா."

"அப்பா, வாங்க போவலாம்" என்று ராம்கி படியிலிருந்து கத்தினான். கிழவர் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்குச் சாவுப் பயம்.

"காத்தான் மோட்டார எடுக்கல" என்றார். "எடுத்தது எம்மவன். வித்தது எனக்கு மறுநாளே தெரியும். காத்தான் அப்ப ஸ்டேஷன்லதான் இருந்தான். போயி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பாங்க. வீட்டு மானம் போயிடும்னு சொல்லல."

மாலதி புருஷனைப் பார்த்தாள். ராம்கி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். குளித்துக்கொண்டிருந்த வெளியூர்க்காரர்கள்கூட நின்று கவனித்தார்கள்.

"சொல்லிட்டேன். ஊத்தும்மா."

"இங்க உங்கள யாருக்குத் தெரியும்? இதையே நம்மூர் கோயில் வாசல்ல நின்னு சொல்லுங்க. அன்னைக்கு ஊத்துறேன்."

"ஊர்லயா? நான் எப்படிம்மா தலைநிமிந்து நடப்பேன்?"

"எங்கண்ணன் நடந்துச்சா?"

அவர் அழ ஆரம்பித்தார். அம்சம் அதை அவசரப்படாமல் பார்த்தாள். அந்த அழுகைக்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தாள். பிறகு படியேறி, சேலைத் தலைப்பைப் பிழிந்துவிட்டு, எதிரே நின்ற, மலைமேல் அணைக்குப் போகும் காரையாறு பஸ்ஸில் ஏறினாள். வேனுக்குத் திரும்ப மனம் இல்லை. பஸ் கிளம்பும்போது மாலதி ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சோதனைச்சாவடியில் வனத்துறைக்காரர் பைகளைத் துழாவிப் பிளாஸ்டிக் பைகளை எடுத்துக்கொண்டார். புலிகள் காப்பகக் காட்டுக்குள் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அணைக்கட்டு வந்தது. கீழே தண்ணீர் கரும்பச்சையாக நிறைந்து நின்றது.

"எங்க வீட்டுக்காரருக்கு அப்ப என்ன வயசு?" என்று கேட்டாள் மாலதி.

"இருபத்தொண்ணு. எங்கண்ணனுக்கு இருபத்தாறு."

"சின்ன வயசுதான்னு சொல்ல வரல நர்ஸம்மா."

"சொன்னாலும் நான் கேக்கப்போறதில்ல."

மாலதி தலையாட்டினாள். அங்கிருந்து ஊருக்கு வராமல் மயிலாடுதுறையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்காக அம்சத்துக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது. கிழவருக்காகத் துளியும் இல்லை.

துரைராசு அதற்குப் பிறகு ஆறு மாதம் கிடந்தார். ஊர்க் கோயில் வாசல் அவர் வீட்டிலிருந்து நாற்பது அடிதான். ஒரு தடவைகூட அங்கே வந்து நிற்கவில்லை. அம்சத்தைக் கூட்டிவரச் சொல்லி மூன்று முறை ஆள் அனுப்பினார். "வாசலுக்கு வந்துட்டாரா?" என்று மட்டும் கேட்டாள் அவள். இல்லை என்று தெரிந்ததும் வந்தவர்களுக்கு மோர் கொடுத்துத் திருப்பி அனுப்பினாள்.

அவர் செத்தது ஒரு புதன்கிழமை. ஊரே திரண்டு போனது. அம்சம் போகவில்லை. அன்றைக்குத் தடுப்பூசி நாள். முப்பத்திரண்டு குழந்தைகள் வந்திருந்தன. பறைச் சத்தம் சுகாதார நிலையத்தைக் கடந்து போகும்வரை ஊசியைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள். பிறகு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டாள்.