பெயர் சொல்லாத மாத்திரை

1

இந்தக் கதை என்னுடையதில்லை. மலையூர் நரினிலிருந்து தலைநகர் பிஷ்கெக் போகும் ஷேர் டாக்ஸி, கணவாயில் பனி அள்ளும் வரை நின்றுவிட்டது. தலைவலிக்கு மாத்திரை போட எடுத்தேன். பக்கத்தில் இருந்த டாக்டரம்மா ஜில்திஸ் என் உள்ளங்கையையே பார்த்தார்.

"எல்லார் பையிலயும் இது இருக்கு. அன்னைக்கு இதோட பேரச் சொல்லிக் கேட்டிருக்கணும்," என்றார்.

பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான். தொண்டைப் புண்ணும் காய்ச்சலுமாக ஒரு மருமகளைக் கூட்டிவந்தார்கள். ரத்தத்தைப் பார்த்துவிட்டு, தலைநகருக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப் போனார். திரும்பி வந்தால் கட்டில் காலி. வீட்டுக்கு ஃபோன் போட்டார், யாரும் எடுக்கவில்லை.

அந்தக் காலிக் கட்டில் என்னை விடமாட்டேன் என்கிறது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது. (மாத்திரையைப் போட்டேனா என்று கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "புருல்சாவுக்குத் தேநீர்கூடத் தொண்டையில் இறங்கவில்லை. மாமியார் சாய்கல் ஒரு மாத்திரையை..."

அடித்துவிட்டேன்.

இன்னொன்று: "தையல் மெஷின் முன்னால் புருல்சா பல்வலியோடு உட்கார்ந்திருந்தாள். சாய்கல் ஒரு மாத்திரையை..."

எங்கே தொடங்கினாலும் இரண்டாவது வரியில் அது வந்து நிற்கிறது. நான் கூப்பிடவில்லை. எங்கள் வீடுகளில் அது கோப்பைகளோடு ஒரே அலமாரியில் கிடக்கும். தலைவலி, பல்வலி, காய்ச்சல், வீட்டுக்குத் தூரமான நாட்களின் வலி, எல்லாவற்றுக்கும் அதுதான். அதை யாரும் மருந்தென்று நினைப்பதில்லை. உப்பை மருந்தென்பார்களா?

3

(கதை கொஞ்சம் நிற்கட்டும்.) காயத்தில் சீழ் வைத்தால் முகம் சுளிக்கிறோம். அந்தச் சீழ், நமக்காகச் சண்டை போட்டுச் செத்த வெள்ளை அணுக்களின் பிணக்குவியல். புருல்சாவின் தொண்டையில் டார்ச் அடித்தபோது புண் குழி விழுந்திருந்தது, சீழ் துளிகூட இல்லை. தையல் ஊசி குத்திய விரலிலும் வீக்கமில்லை, சிவப்பில்லை. அவ்வளவு சுத்தமான புண்ணைப் பார்த்தால்தான் டாக்டர்களுக்குப் பயம் வரும். சண்டைக்கு யாருமே வரவில்லை என்று அர்த்தம்.

எங்கோ யாரோ ஒருவருக்கு, மிக அபூர்வமாக, ஒரு மருந்து அந்தப் படையையே துடைத்துவிடுகிறது. மருந்தை நிறுத்தி, கிருமி அண்டாமல் காத்து வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் படை திரும்பிவிடும். நிறுத்தினால்.

4

"வீட்டுல என்ன மருந்து குடுத்தீங்க?"

"ஒண்ணுமே குடுக்கல டாக்டரம்மா," என்றாள் சாய்கல். அவள் பொய் சொல்லவில்லை.

"ரத்தத்துல வெள்ளை அணுவே இல்லம்மா. எந்த மருந்தா இருந்தாலும் நிறுத்திடுங்க. இங்கயே இருங்க, வந்துடறேன்."

எங்கள் மொழியில் ரத்தப் புற்றுக்கு 'வெள்ளை ரத்தம்' என்று பெயர். சாய்கல் காதில் ரத்தம் விழுந்தது, வெள்ளை விழுந்தது, 'இல்லை' விழவில்லை. மருந்தை நிறுத்தச் சொன்னால் என்ன அர்த்தமென்று அவளுக்குத் தெரியும். அவள் கணவருக்கும் கடைசியில் அப்படித்தான் சொன்னார்கள். சந்தேகத்தைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த வியாதியின் பெயரை நோயாளி எதிரில் யாரும் உச்சரிப்பதில்லை. மகன் எர்மெக்கைப் பார்த்தாள். அவன் மனைவியின் கோட்டை எடுத்தான். சாவதானால் தன் வீட்டில் சாகட்டும்.

5

சாய்கலை ஒரு பிரதியில் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதை சுலபமாகிவிட்டது. ஆனால் அவள் ஆட்டுச் சூப்பை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டே இருந்தாள், என்னால் தடுக்க முடியவில்லை. மருமகளுக்கு வலி கூடும்போதெல்லாம் அலமாரியைத் திறந்தாள். வலியாவது இல்லாமல் போகட்டுமே.

ஊரே பார்க்க வந்தது. பன் கொண்டுவந்தார்கள், புளித்த குதிரைப்பால் குமிஸ் கொண்டுவந்தார்கள், ஒவ்வொருவராகக் குனிந்து கன்னத்தில் முத்தமிட்டார்கள். காவலே இல்லாத கன்னத்தில்.

"ஏன் அத்தை, எல்லாரும் திடீர்னு இவ்வளவு பாசமா இருக்காங்க? பயமா இருக்கு."

"உன் வாய்க்குப் பயந்து வராதவங்க கண்ணு. இப்பத்தான் நீ பேச முடியாம கெடக்கியே, தைரியமா வர்றாங்க."

புருல்சா சிரித்தாள். இதற்கு முந்தைய பிரதியில் அவள் பதிலுக்குப் பதில் பேசினாள். அதற்கும் முந்தையதில் பாடினாள். அந்த வரிகளை நான் வெட்டவில்லை. திருத்த உட்காரும்போது அவை இருப்பதில்லை. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

6

முடிவு ஒன்று: டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்குகிறார். (பனியில் எந்த ஜீப்? எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: முற்றத்தில் இழவுக்கான கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். பெண்கள் அதற்குள்...

வேண்டாம்.

முடிவு மூன்று: ஜன்னல் மேடையில் எர்மெக்கின் ஃபோன் அடிக்கிறது. தெரியாத எண். எடுத்தால் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார்கள், அந்த வியாதியின் பெயரைச் சொல்ல வேண்டிவரும். அவன் எடுக்கவில்லை. சாய்கல் மருமகளின் தலையைத் தூக்கிப் பிடிக்கிறாள். உள்ளங்கையில் மாத்திரை. புருல்சா வாயைத் திறந்து

இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை. முடித்தால் விழுங்கிவிடுவாள். அந்த அறையில் இப்போது விஷயம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். 'வெள்ளை' என்று சொல்லாதீர்கள், அழுவார்கள். 'மருந்தை நிறுத்துங்கள்' என்றும் சொல்லாதீர்கள், நிறுத்தித்தான் விட்டார்களே. மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். டாக்டரம்மா அன்று சொல்லாத பெயர், நானும் இதுவரை சொல்லாத பெயர். அனல்ஜின்.

உங்கள் குரலில் சொல்லுங்கள். அவள் வாய் இன்னும் திறந்தே இருக்கிறது.