தனியாக வருவோருக்கு அறை

சேலத்திலிருந்து மாலதி என்பவர் எழுதிய அஞ்சலட்டை என் மகளுக்கு வந்தது. ஆனால் முகவரி என்னுடையது. சந்திரலேகா எழுதிய பயணக் கையேட்டின் பின்னட்டையில், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டு முகவரியைத்தான் அச்சிட்டிருக்கிறாள். அவள் அந்த வீட்டுக்குள் வந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன என்பது புத்தகம் வாங்குகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை.

பிறர் கடிதத்தைப் படிக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ஆனால் அஞ்சலட்டையில் எல்லாம் வெளியேதான் இருக்கிறது. தபால்காரரும் படித்திருப்பார்.

'உங்கள் கையேட்டை நம்பிச் சிதம்பரம் சென்றேன். மரியசூசை லாட்ஜில் தனியாக வருவோருக்கு எதுவும் கேட்காமல் அறை தருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தரவில்லை. பையோடு தெருவில் நின்றேன். அந்த ஊருக்கே போகாமல் எழுதியிருக்கிறீர்கள் என்று சந்தேகிக்கிறேன். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் பதிப்பகத்துக்கும் பத்திரிகைகளுக்கும் எழுதுவேன்.'

நான் நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக முப்பத்துநான்கு ஆண்டுகள் இருந்தவன். நான் நட்ட கிலோமீட்டர் கல் எதுவும் இடம் தவறி நின்றதில்லை. கையேட்டின் அட்டையில் 'ஞா. சந்திரலேகா' என்று இருக்கிறது. அந்த 'ஞா' நான்தான், ஞானசேகரன். அந்தப் பெயரில் பொய் எழுதப்பட்டதாக ஒருவர் சொல்லும்போது சும்மா இருக்க முடியாது.

மகளுக்கே அனுப்பியிருக்கலாம். அவளுடைய இப்போதைய எண் என்னிடம் இல்லை. பதிப்பகத்தில் கேட்டால், பெற்ற மகளின் எண் உங்களிடம் இல்லையா என்பார்கள். அந்தக் கேள்விக்கு இடம் கொடுக்க நான் விரும்பவில்லை. கல்யாணம் வேண்டாம் என்றவள், பிறகு வங்கி வேலையையும் விட்டுவிட்டு ஊர் ஊராகத் தனியாகச் சுற்றப் புறப்பட்டாள். நம் வீட்டுப் பெண்கள் லாட்ஜில் தங்கியதில்லை என்றேன். அவள் போய்விட்டாள். என் மனைவி தில்லையம்மாள் அதற்கு முன்பே காலமாகிவிட்டிருந்ததால், இடையில் நின்று பேசுவதற்கும் ஆள் இல்லை.

ஆகவே புத்தகத்தை நானே சரிபார்ப்பது என்று முடிவு செய்தேன். சரியாக இருந்தால் அந்த அம்மாளுக்குத் தகுந்த பதில் எழுதுவேன். தவறாக இருந்தால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

புத்தகம் சொன்னபடியே புறப்பட்டேன். 'காலையில் சிதம்பரம் பேருந்தில் வலது பக்கம் உட்காருங்கள், இடது பக்கம் வெயில்' என்று இருந்தது. வலது பக்கம் உட்கார்ந்தேன். ஆலப்பாக்கம் தாண்டிப் புதுச்சத்திரம் வரை இடது வரிசைக்காரர்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பி.முட்லூரில் இறங்கிப் பரங்கிப்பேட்டைக்கு மாறும் நிறுத்தம் புளியமரத்தடி அல்ல, எதிர்ப்பக்கம் என்று எழுதியிருந்தாள். மரத்தடியில் நின்றவர்கள் பேருந்தைப் பிடிக்க ஓடினார்கள். நான் நின்ற இடத்திலிருந்தே ஏறினேன்.

பரங்கிப்பேட்டையில் அமராவதி இட்லிக் கடை என்று ஒரு குறிப்பு. 'பதினொன்றுக்கு மேல் எதுவும் கிடைக்காது.' வேண்டுமென்றே பதினொன்றேகாலுக்குப் போனேன். அமராவதி இட்லிப் பானையைக் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இட்லி இருக்கா?"

"இப்ப வந்து கேட்டா? கையில புக்கு வச்சிருக்கீங்க, படிக்கலியா?"

"படிச்சேன். சரியான்னு பாக்க வந்தேன்."

"நல்லா பாத்தீங்க போங்க. வவுத்துக்கு ஒண்ணுமில்லாம பரீட்சையா?" என்று சிரித்தவர், டம்ளரில் மோர் ஊற்றி நீட்டினார். "அத எழுதுன பொண்ணு மூணு நாளு அந்த பெஞ்சுலயே உக்காந்து கெடந்துச்சு. எத்தினி மணிக்கு என்னா தீருதுன்னு குறிச்சிக்கும். கூட ஒருத்தரும் வரல. மூணு நாளும் ஒண்டியாத்தான் தின்னுச்சு. யாரு பெத்த புள்ளையோன்னு நெனச்சிக்குவேன்."

நான் மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அந்த பெஞ்சு ஓர் ஆள் மட்டுமே உட்காரக்கூடிய குட்டை பெஞ்சு.

சிதம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து கீழவீதி வரை, பையோடு நடப்பவருக்குப் பன்னிரண்டு நிமிடம் என்று இருந்தது. எனக்குப் பதினைந்து ஆயிற்று. என் முழங்காலுக்கு மூன்றைக் கழித்துவிட்டேன். கோயில் நடை சாத்தியிருக்கும் நேரம், செருப்பு விட வேண்டிய இடம், கடலூருக்குத் திரும்பும் பேருந்து எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் நேராகப் பென்சிலால் குறியிட்டுக்கொண்டே போனேன். சாலைக்குக் கூட நான் இவ்வளவு நல்ல சான்று எழுதியதில்லை. அதைச் சொல்ல அந்த வீதியில் எனக்கு யாரும் இல்லை.

மரியசூசை லாட்ஜ், கீழவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. மணி மூன்றிருக்கும். முன் மேசையில் இருந்தவர் அதன் உரிமையாளர் ஆரோக்கியராஜ். ஐம்பது வயது மதிக்கலாம்.

"ஒரு ரூம் வேணும்."

"எத்தினி பேருங்கய்யா?"

"நான் மட்டும்தான்."

"கூட யாரும் பின்னால வராங்களா?"

"தனியா வந்திருக்கேன்னு சொன்னேன்."

"அப்ப ரூம் இல்லீங்க."

அவருக்குப் பின்னால் பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கின. அதைக் காட்டினேன்.

"அதெல்லாம் ஃபேமிலிக்குங்க. ஒண்டி ஆளுக்குச் சும்மா குடுக்கறதில்ல. கோயில் ஊரு பாருங்க. மனசு விட்டுப்போயி சில பேரு வராங்க. கதவ சாத்திக்கிட்டு ஏதாச்சும் பண்ணிக்கிட்டா போலீஸ், கேசுன்னு நாங்க அலையணும். அதுவும் வயசானவங்கன்னா பயம் ஜாஸ்தி."

"என்னப் பாத்தா அப்படித் தெரியுதா?"

"யாரப் பாத்தும் தெரியறதில்லீங்களே."

நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தை மேசைமேல் விரித்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"இந்த புக்கா! பிரிசில்லா, இங்க வா. இன்னொருத்தரு புக்கத் தூக்கிக்கிட்டு வந்துட்டாரு!"

உள்ளேயிருந்து அவர் மனைவி பிரிசில்லா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"மாசத்துக்கு ரெண்டு பேரு வந்து எங்கிட்ட மல்லுக்கு நிக்கிறாங்க. போன மாசம் சேலத்துலேந்து ஒரு அம்மா, வீட்டு நம்பர் கேட்டதுக்கு என்னா பேச்சு பேசிட்டுப் போச்சு!" என்றார் ஆரோக்கியராஜ்.

"அப்போ இதுல எழுதியிருக்கறது பொய்யா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்டபோது குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"பொய்யின்னு சொல்லாதீங்கய்யா" என்றார் பிரிசில்லா. "எழுதுன பொண்ணுக்குக் குடுத்தோமே."

"குடுத்தது எப்படின்னு சொல்லு" என்றார் ஆரோக்கியராஜ். பிறகு அவரே சொன்னார். "நாலு வருஷம் ஆச்சுங்க. தனியாத்தான் வந்துச்சு. வீட்டு ஆளு யாராச்சும் போன்ல 'ஆமா, எங்க பொண்ணுதான்'னு ஒரு வார்த்த சொல்லட்டும், குடுக்குறேன்னேன். அவுங்க அப்பா நம்பரக் குடுத்துச்சு. இந்த மேசையிலேந்துதான் பண்ணேன், ஸ்பீக்கர்ல. உங்க பொண்ணு தனியா வந்து ரூம் கேக்குதுங்கன்னேன். 'எனக்கு அப்படி யாரும் இல்ல, வையுங்க'ன்னுட்டாரு அந்த மனுஷன். அது நீங்க நிக்கிற எடத்துலதான் நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"அழக்கூட இல்ல" என்றார் பிரிசில்லா. "பைய எடுத்துக்கிட்டுத் திரும்புச்சு. நான்தான் கையப் புடிச்சி இழுத்தாந்து எங்க வீட்டுல படுக்க வச்சேன். மறுநாளு இவரே ரூம் தொறந்து குடுத்தாரு. என்னா அப்பனோ!"

எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு நினைவிருக்கிறது. சேத்தியாத்தோப்பில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மச்சான் சடையப்பன், எதிரில் அவர் சம்பந்தி வீட்டார். காது மந்தமாகிக்கொண்டிருந்த காலம், போனில் சத்தத்தை முழுதாக வைத்திருந்தேன். லாட்ஜ், பொண்ணு, தனியா, ரூம் என்ற வார்த்தைகள் இலை இலையாகப் போய் விழுந்தன. சடையப்பன் சாப்பிடுவதை நிறுத்தினார். எந்த ஊர் என்று கேட்கக்கூட நான் தாமதிக்கவில்லை. அப்படி யாரும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டு, ராங் நம்பர் என்று பந்திக்குச் சொன்னேன். குடும்ப மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக அன்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் வராததை, நான் அவளை ஒதுக்கி வைத்ததாகவே நான்கு ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

கடலூருக்குப் பேருந்துகள் இருந்தன. நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் தன்னைப் பற்றிப் பிறரைப் பேச விட்டு, பெயர் சொல்லாமல் நழுவுவது எங்கள் வழக்கமல்ல. ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"அந்த மனுஷன் நான்தான்."

ஆரோக்கியராஜ் அட்டையைப் படித்தார். புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார். எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயா, தெரியாம..."

"தெரிஞ்சிருந்தாலும் அதேதான் சொல்லியிருக்கணும். உக்காருங்க."

பிரிசில்லா உட்காரச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இடுப்பிலிருந்து போனை எடுத்தார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். வீட்டு ஆளு சொன்னா ரூமு."

"அவ நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

"வருஷா வருஷம் வரும். எங்க வீட்டுலதான் சோறு. இல்லாம எங்க போவுது?"

மணி அடித்தது. ஸ்பீக்கரை அழுத்தினார். என் மகள் "சொல்லுக்கா" என்றாள்.

"லேகா, இங்க ஒரு பெரியவரு தனியா வந்து ரூம் கேக்குறாரு. கடலூரு. ஞானசேகரன்னு பேரு. உனக்குத் தெரிஞ்சவரா?"

போனில் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. ஆரோக்கியராஜ் சாவிப் பலகையின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மேசையின் விளிம்பைப் பிடித்திருந்தேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று நின்றேன்.

"எங்கப்பாக்கா. குடுங்க. மாடி வேணாம், முட்டி வலி. கீழ குடுங்க."

"பேசுறியா?"

"அவரு பேசறதா இருந்தா பேசட்டும்."

போனை வாங்கினேன். "புத்தகத்தச் சரிபாக்க வந்தேன்" என்றேன். நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நான் அவளிடம் பேசிய முதல் வாக்கியம் அது.

"பாத்தீங்களா?"

"எல்லாம் சரியா இருக்கு. இது ஒண்ணுதான் தப்பு."

"தெரியும்பா."

"தெரிஞ்சே எழுதினியா? அத நம்பி வந்த ஒரு அம்மா தெருவுல நின்னிருக்காங்க. கடிதம் வந்திருக்கு."

"வீட்டுக்குப் போன் பண்ணிக் கேப்பாங்கன்னு எழுதினா, உனக்கு யாரு என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க. சடையப்பன் மாமாகூட ஒரு காப்பி வாங்கியிருக்காரு. உங்க பேரும் அட்டையில இருக்கில்ல? அதான் எதுவும் கேக்க மாட்டாங்கன்னு எழுதிட்டேன்."

புத்தகத்தில் அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டேன்.

"திருத்து. கேப்பாங்கன்னு எழுது. அப்பா இல்லன்னுட்டாருன்னும் எழுது."

"பாக்கலாம்பா. பஸ் வந்துடுச்சு."

எந்த ஊர், எந்தப் பேருந்து என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

கீழ்த்தளத்தில் இரண்டு கட்டில் உள்ள அறையைத் திறந்து விட்டார்கள். ஒரு கட்டிலில் பையை வைத்துவிட்டு, இன்னொன்றில் உட்கார்ந்து மாலதி அம்மாளுக்குப் பதில் எழுதினேன்.

'அம்மையீர், கையேட்டின் பதினொரு குறிப்புகளை இன்று நேரில் சரிபார்த்தேன். பத்து சரி. நீங்கள் சொன்ன ஒன்று தவறு. மரியசூசை லாட்ஜில் தனியாக வருபவர் தம் வீட்டு எண் ஒன்றைத் தர வேண்டும். மறுமுனையில் எடுப்பவர், ஆம், எங்களவர்தான் என்று சொல்ல வேண்டும். என் மகளுக்காக அவர்கள் அழைத்தபோது எடுத்தவன் நான். இல்லை என்று சொன்னேன். என்னை வெளியில் காட்டக் கூடாது என்பதற்காக அவள் அதை மறைத்திருக்கிறாள். தெருவில் நின்றதற்கு நீங்கள் கோபிக்க வேண்டியது என்மீதுதான். இதை நீங்கள் பத்திரிகைகளுக்கும் அனுப்பலாம்.'

கையெழுத்திட்டு, ஓய்வுபெற்ற சாலை ஆய்வாளர் என்று கீழே எழுதினேன். பிறகு அந்தப் பதவியை அடித்துவிட்டு, சந்திரலேகாவின் தகப்பன் என்று எழுதினேன். வெளியே வந்து தபால் பெட்டி எங்கே என்று கேட்டேன்.

"நாளைக்குப் போட்டுக்கலாங்கய்யா, இன்னிக்கு எடுத்துட்டுப் போயிருப்பான்" என்றார் ஆரோக்கியராஜ்.

"பரவாயில்ல. பெட்டியிலயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சந்தில் இறங்கி நடந்தேன்.