வாசலில் நின்ற வண்டி

ஹீட்டரின் மூடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான் திராகோ. விசிறி சுற்றியது, காற்றும் வந்தது. ஆனால் குளிர்ந்த காற்று. வண்டிக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடமாட முடியாது. அவன் கீழே இருக்கும்வரை அவன் மனைவி யகோடா கட்டில்மேல் கால்களை மடக்கி ஒதுங்கியிருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு பூமி குலுங்கியது. புகைபோக்கி கூரையைத் துளைத்துக்கொண்டு படுக்கையறைக்குள் விழுந்தது. அதிகாரிகள் வந்து யாரும் உள்ளே போகக் கூடாதென்று கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். கடற்கரைப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் இந்தப் பழைய வண்டியை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். கோடை விடுமுறையில் உள்ளேயே தங்கி ஊர் சுற்றுவதற்கென்று செய்த வண்டி, அட்டை மாதிரி சுவர். ஜன்னல் திரையை விலக்கினால் எதிரே சொந்த வீடு. அதைப் பார்த்தபடியே படுத்து, அதைப் பார்த்தபடியே எழுந்தார்கள். மகள் ஜெர்மனிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். பசுக்களை யார் பார்ப்பது என்றான் திராகோ. தொழுவத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பசுக்கள் இவர்களைவிட வசதியாக இருந்தன.

கறுத்துப்போன ஒரு சிறிய வட்டை அவன் விரலில் தூக்கிக் காட்டினான். “இதான் போயிருக்கு. சூடு மீறினா கரண்டை நிறுத்துறது. கடையில கேட்டேன், அடுத்த வாரம்தான் வருமாம். ரெண்டு ஒயரையும் நேரா முறுக்கி விட்டுடட்டுமா?”

“முறுக்கு. தூங்கும்போது ரெண்டு பேரையும் சேர்த்துச் சுட்டு எடுக்கட்டும்.”

“வேற என்னதான் பண்ணச் சொல்ற?”

“நம்ம குளியலறை ஹீட்டர்ல இதே வட்டுதானே? போன வருஷம் நீதானே வாங்கி மாட்டின?”

அவன் வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “உள்ள போகக் கூடாதுன்னு ஒட்டியிருக்கான்ல.”

“நீ எப்பலேருந்துய்யா நோட்டீஸ் படிச்சு நடக்க ஆரம்பிச்ச?”

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. பூமி குலுங்கிய அன்று அவன் குளியலறைக்குள் இருந்தான். கதவுச் சட்டம் சாய்ந்து கதவு இறுகிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கோடரியோடு வந்து உடைக்கும்வரை உள்ளே கத்திக்கொண்டே கிடந்தான். அதன்பிறகு அவன் வாசற்படியைக்கூட மிதிக்கவில்லை. துணிமணி, பாத்திரம் எல்லாம் அவள்தான் எடுத்துவந்தாள். அவனுக்கு ஒருநாள் முதுகுவலி, ஒருநாள் மழை. அவளும் கேட்பதில்லை.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

வீட்டுக்கு மின்சாரத்தை அன்றைக்கே துண்டித்திருந்தார்கள். வண்டிக்குத் தொழுவத்திலிருந்துதான் ஒயர் இழுத்திருந்தது. பகல் வெளிச்சத்தில் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி, ஹீட்டரைப் பிரித்து வட்டை எடுத்தாள். கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். அதோடு வெளியே வந்திருக்கலாம். சமையலறைக்குப் போனாள். நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். எதுவும் இடிக்கவில்லை. அறைக்கு அறை, ஒரு காரணமும் இல்லாமல் நடந்தாள். பிறகு மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குளிர் வெளியில் இருந்த அளவுக்கே இருந்தது. ஆனால் பக்கத்தில் யாரும் மூச்சு விடவில்லை.

“யகோடா! கிடைச்சுதா?”

அவள் மேசைமேல் கையை ஊன்றி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தான் எங்கே இருக்கிறோம் என்று கொஞ்ச நேரம் யாருக்கும் தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

அப்போது தரை உறுமியது. தினமும் வருவதுதான், சின்ன அதிர்வு. அலமாரியில் தட்டுகள் கிடுகிடுத்தன. காரை உதிர்ந்து அவள் தலையில் விழுந்தது.

“அடியே! வெளிய வாடி!”

வாசல் கதவு சுவரில் மோதிய சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். நடையில் திராகோ நின்றிருந்தான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் படியில். கண்களை இறுக மூடியிருந்தான், கை கதவு நிலையைப் பற்றியிருந்தது. உரக்கப் பேசினால் சுவர் விழுந்துவிடும் என்பதுபோல அவள் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

“இங்கதான் இருக்கேன்.”

அவன் கண்ணைத் திறந்தான். “கூப்பிட்டேனே, கேக்கலையா?”

“கேட்டுச்சு.”

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிப் போய் சமையலறையில் இழுத்துப் போட்டிருந்த நாற்காலியில் நின்றது. திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டவில்லை. நிலையைப் பிடித்திருந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக விடுவித்து, அவனை வெளியே கூட்டிவந்தாள்.

இருட்டுவதற்குள் வட்டைப் பொருத்திவிட்டான். திருகாணி இரண்டு முறை கீழே விழுந்தது, அவள்தான் தேடி எடுத்தாள். கம்பி சிவந்தது. தூசி கருகும் வாசனையோடு சூடு மெல்ல வண்டியை நிரப்பியது. திராகோ கோட்டைக் கழற்றி மடித்து வைத்தான்.

“கதவைச் சாத்து. சூடு போகுது.”

அவள் கைப்பிடியில் கை வைத்தாள்.

“நாளைக்கும் உள்ள போவியா?” என்றான், ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே.

அவள் கதவைச் சாத்தவும் இல்லை, இன்னும் திறக்கவும் இல்லை. அவளுடைய தலையைத் தாண்டிச் சூடு வெளியே போய்க்கொண்டிருந்தது. குளிரைத் தொட்டதும் அது வெள்ளை ஆவியாகி, எதிரே இருந்த இருண்ட சமையலறை ஜன்னலை நோக்கி நகர்ந்து, பாதி வழியில் கரைந்தது.