வாழ்த்தி விற்ற கார்

1

கால்விரல் மரத்துப்போன ஒரு பயணத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. சீன எல்லையை ஒட்டிய எங்கள் மலைநாட்டில், நரினிலிருந்து அத்பாஷிக்கு பூபைஷா ஓட்டிப்போன மின்காரில், டிசம்பர் குளிரில், பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். திடீரென்று உள்ளே சூடு நின்றது. திரையில் 'உங்கள் பகுதியில் இந்த வசதி கிடையாது' என்று வந்தது.

"அடப்பாவி! என் பகுதியிலதானேடா குளிருது!" என்று அவள் திரையை ஒரு தட்டுத் தட்டினாள்.

வீட்டுக்குப் போய் உடனே ஒரு தொடக்கம் எழுதினேன்: 'வெண்பனி மலையை ஒரு போர்வையாக...' சீ. அடுத்தது: 'பெருநிறுவனத்தின் கோரமுகம் அன்றுதான்...' அதுவும் வேண்டாம். மரத்த விரலுக்கு இதெல்லாம் எதற்கு?

2

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பூபைஷா அந்தக் காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவள். சூடில்லாத காரில் எங்கள் ஊரில் எவன் ஏறுவான்? அதை அவளுக்கு விற்றவன் எசென்கான், அவளுடைய பெரியப்பா மகன். சீனத்திலிருந்து கார் கொண்டுவந்து விற்பது அவன் தொழில். நாடு தாண்டிப் போன கார்களிலெல்லாம் சூடேற்றியை, தயாரித்த நிறுவனம் இருந்த இடத்திலிருந்தே அணைத்துவிட்டது.

"நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி? அணைச்சது அவன்."

"வித்தது யாரு? அவனா வந்து வித்தான்?"

"ரசீது வெச்சிருக்கியா?"

இல்லை. (சொந்த அண்ணனிடம் ரசீது கேட்பவளை இங்கே யாரும் வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். நானும் கேட்டிருக்க மாட்டேன்.)

3

எசென்கானை வில்லனாக்க எனக்குக் கை துறுதுறுத்தது. ஒரு தங்கப்பல்கூட வைத்துப் பார்த்தேன், பிறகு நானே பிடுங்கிவிட்டேன். பாவம், அவன் பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். ஒரு காரைத் திரும்ப எடுத்தால் விற்ற அத்தனையும் வாசலுக்கு வந்துவிடுமோ என்று... சரி, கதை நகரட்டும்.

பூபைஷா நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுத்தாள். அங்கே இருவரையும் உட்காரவைத்த அதிகாரி அம்மாள், ரசீது இல்லாவிட்டால் சாட்சி போதும் என்றாள். "விக்கும்போது சூடேத்தியைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

"சொன்னாரு மேடம். புதுக் காருக்கு ஆடு அடிச்சு விருந்து வெச்சோம். அங்க எழுந்து, ரெண்டு கையும் ஏந்தி வாழ்த்தினாரு. 'போன்ல ஒரு தட்டு தட்டினா சூடாகும் வண்டி இது, எந்தப் பனியிலயும் உன்னைக் காப்பாத்தட்டும்'னாரு. வந்தவங்க எல்லாரும் கையால முகத்தைத் தடவி ஏத்துக்கிட்டாங்க."

"விருந்துல சும்மா சொல்றதுதானே மேடம்..." என்று எசென்கான் இழுத்தான்.

இந்த இடத்துக்கு மூன்று பக்கம் சட்ட வாதம் தயாராக வைத்திருந்தேன். பூபைஷா அதற்கு வேலையே வைக்கவில்லை.

"சும்மாவா? சரிண்ணே. அப்போ அந்த வாழ்த்தைத் திரும்ப எடுத்துக்கோ. இங்கயே, இவங்க முன்னால."

அவன் முகம் வெளுத்துவிட்டது. காரைத் திரும்ப எடுக்கலாம். ஏந்திய கையால் கொடுத்த வாழ்த்தை எடுத்தால், நாளைக்கு அவன் வீட்டு விசேஷத்தில் யார் வந்து வாழ்த்துவார்கள்?

"வாயைக் கழுவு தங்கச்சி! சொன்னேன். சொல்லித்தான் வித்தேன். எழுதிக்கோங்க மேடம்."

அப்பாடா! இதை எழுதும்போது எனக்கே மூச்சு வந்தது.

4

விற்றவனே பொறுப்பு என்று முடிவானது. அவன் சூட்டை வரவழைத்துத் தர வேண்டும். அப்படித் தந்தாலும், அது மறுபடி அணையாது என்ற நம்பிக்கை இல்லையென்றால் குளிர்காலம் முடிவதற்குள் அவள் காரைக் கொடுத்து முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம்.

தன் தலையில் விழுந்ததும் எசென்கானுக்கு எங்கிருந்தோ வீரம் வந்துவிட்டது. போனில் நிறுவனத்தை உலுக்கி எடுத்தான். ஒருநாள் காலையில் சூடு திரும்பி வந்தது. மன்னிப்பு ஒன்றும் வரவில்லை. பூபைஷா கையுறையைக் கழற்றிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். பின்னிருக்கையில் நானும் சிரித்தேன்.

முடிவு இரண்டு எழுதியிருக்கிறேன்.

(அ) காரை வைத்துக்கொள்கிறாள்.

(ஆ) காரைக் கொடுத்துவிட்டு, எவனும் எட்ட இருந்து கை வைக்க முடியாத ஒரு பழைய பெட்ரோல் கார் வாங்குகிறாள்.

இரண்டையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு எழுத்தாளரய்யா. படிக்கிறவங்க கைக்குப் போனப்புறம் நீங்க வந்து மாத்துவீங்களா?"

"மாத்தலாம். அடுத்த பதிப்புல..."

"அப்போ நீங்களும் அந்தக் கம்பெனிக்காரனும் ஒண்ணுதான்!"

சுருக்கென்றது. ஆகவே (அ), (ஆ) இரண்டும் அப்படியே இருக்கட்டும். எதை எடுத்தாலும் அவளுக்கு நஷ்டமில்லை. பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காததை அடித்துவிடுங்கள். இனி நான் இதில் கை வைக்க மாட்டேன். கதை உங்களுடையது.