மைலீன் பாடி முடிக்கட்டும்

“எடுங்க சித்தி. அந்த மெழுகுவத்திய இப்பவே எடுங்க.”

“எந்த மெழுகுவத்தி? இன்னும் ஏத்தவே இல்லையேடி!”

“போன்ல வச்சிருக்கீங்களே, அத!”

பாசிங் சித்தியின் கையிலிருந்த போனை அனலிசா வெடுக்கென்று பிடுங்கினாள். திருவிழாத் தொப்பியோடு சித்தி சிரிக்கும் முகப்புப் படம் போய், கறுப்புக்கு நடுவே ஒற்றை மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. இந்தச் சோர்சோகோன் ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் மாறுவது இந்தப் படம்தான். பாதிரியாருக்குச் சொல்வதெல்லாம் அதற்கப்புறம். கீழே அதற்குள் நாற்பத்தோரு பேர் ‘யாரு?’ என்று கேட்டிருந்தார்கள். ஏழு பேருக்குச் சித்தி பதிலும் போட்டிருந்தாள்.

அப்பா கிறிசாந்தோ போய் முக்கால் மணி நேரம்தான் ஆகியிருந்தது. டிவிக்கு நேர் எதிரே மூங்கில் கட்டிலில், தலையணையில் சாய்ந்த வாக்கிலேயே போய்விட்டார். தங்கை மைலீன் மணிலாவில் இருக்கிறாள். பகல் பன்னிரண்டரைக்கு நேரலையில் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. அவள் பாடி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அனலிசா எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருந்தாள்.

“நான் எங்கடி வாயத் திறந்தேன்? படம்தானே வச்சேன்!”

மணி பன்னிரண்டு ஐந்து. படத்தை அழித்த கையோடு அனலிசா தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். ‘போன யார்கிட்டயாவது குடுத்துட்டு கண்ண மூடி உக்காரு.’

பதில் வரவில்லை. படத்தைப் பார்த்துவிட்டாளா? ஒரு நிமிடம் கழித்து வந்தது: ‘சரிக்கா. அப்பாவ டிவி முன்னாடி உக்கார வை.’

அடுத்த நொடியே போன் அடித்தது. மணிலா எண். நிகழ்ச்சிக்காரப் பெண்.

“மேடம், உங்க சித்தியோட புரொஃபைல்ல ஒரு மெழுகுவத்தி பார்த்தோம். அப்பா…?”

அனலிசா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். மைலீன்கிட்ட மேடையிலயே சொல்லலாம்னு நெனைக்கிறோம். நீங்களும் வீடியோவுல வந்தீங்கன்னா… நாடே அழும் மேடம். ஓட்டு கொட்டும்.”

சித்தி காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “சொல்லட்டும்டி,” என்று கிசுகிசுத்தாள். “போன வருஷம் ஜெயிச்சவனுக்கும் தம்பி செத்துப்போயிருந்தான்ல. நம்ம பொண்ணும் ஜெயிச்சிருவா.”

கட்டிலில் அப்பாவின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஈ ஒன்று அங்கேயே சுற்றியது. அனலிசா கையால் அதை விரட்டினாள்.

“சித்திக்குக் கண்ணு சரியாத் தெரியாது, தப்பாப் போட்டுட்டாங்க,” என்றாள். “அப்பா நல்லா இருக்காரு. டிவி முன்னாடிதான் இருக்காரு.”

“அப்படியா! அப்போ ரெண்டே ரெண்டு செகண்டு அப்பா முகத்தக் காட்டுங்க மேடம், போதும்.”

“காட்ட முடியாது.”

“ஏன் மேடம்?”

“சட்டை போடல.”

வைத்துவிட்டாள். சித்தி அவளையே வெறித்துப் பார்த்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்ற சத்தம். சவப்பெட்டிக்காரர்கள். தெருமுழுக்க ஜன்னல்கள் திறக்கும், அத்தனை ஜன்னலிலும் ஒரு போன் இருக்கும். அனலிசா செருப்பில்லாமல் ஓடினாள். “கோயில் பின்னாடி போய் நில்லுங்கண்ணே. ஒரு மணிக்கு வாங்க.”

“ஒரு மணிக்கா? வெயில் கொளுத்துதும்மா…”

“ஒரு மணிக்கு!”

திரும்பி வந்தபோது டிவியில் மைலீன் நின்றுகொண்டிருந்தாள். இரவல் நீல கவுனில் தோள்கள் ஒடுங்கி, இன்னும் மெலிந்து தெரிந்தாள். தொகுப்பாளன் கையில் ஒரு அட்டை.

“மைலீன், பாடுறதுக்கு முன்னாடி… உங்க அப்பாவப் பத்தி ஒரு செய்தி வந்திருக்கு.”

சித்தி அனலிசாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். மைலீனின் கண்கள் பெரிதாயின. தொகுப்பாளன் அட்டையைப் பார்த்தான், ஓரமாய் யாரையோ பார்த்தான். கூட்டம் மொத்தமும் அடங்கிப்போனது.

“டிவி முன்னாடியே உக்காந்திருக்காராம். ஆனா சட்டை போடலையாம்!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மைலீனும் சிரித்தாள். காமிராவைப் பார்த்துக் கையசைத்தாள். அப்பாவுக்கு டிவியை மறைத்து நிற்கிறோம் என்று அப்போதுதான் உறைத்து, அனலிசா நகர்ந்து நின்றாள்.

பாட்டு நான்கு நிமிடம். முடிந்ததும் நடுவர்கள் எழுந்து நின்றார்கள். விளம்பரம் வந்தது. சித்தி தோளில் போட்டிருந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள்.

போன் அடித்தது. மைலீன். அவள் பின்னால் இன்னும் கைதட்டல், யாரோ அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

“அக்கா! கடைசியில மேல போறப்ப சுருதி கொஞ்சம் நழுவிடுச்சுக்கா. இங்க யாருக்கும் தெரியல. அப்பா கண்டுபிடிச்சிட்டாரா?”